பொத்தானை அழுத்திய பிறகு: இணையத்தில் யூனிட் டிரஸ்ட் வாங்குபவருக்கு ஓர் ஆரம்பப் பாடம்

முதன்முறையாக யூனிட் டிரஸ்ட் வாங்கியது ஒரு வெள்ளிக்கிழமை இரவு. சாப்பிட்டு முடித்துப் படுக்கையில் சாய்ந்தபடி கைப்பேசியிலேயே வாங்கிவிட்டேன். திரையில் ஒரு யூனிட்டின் விலை 1.2500 என்று இருந்தது. 1000 போட்டால் 800 யூனிட் கிடைக்கும் என்று மனக்கணக்கும் போட்டாயிற்று. செவ்வாய்க்கிழமை திறந்து பார்க்கிறேன்: 774.40 யூனிட். கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் ஒட்டவில்லை. விலை 1.2660 என்று வேறு போட்டிருந்தது. யாரோ நடுவில் கை வைத்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

யாரும் கை வைக்கவில்லை. அந்த 774.40 சரியான எண்தான். அது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளப் போனதில்தான் யூனிட் டிரஸ்ட் என்றால் என்னவென்றே எனக்குப் பிடிபட்டது. அதையேதான் இங்கே சொல்லப் போகிறேன். உதாரணங்களில் வரும் தொகைகளை நீங்கள் ரூபாய் என்றும் படிக்கலாம், வெள்ளி என்றும் படிக்கலாம், டாலர் என்றும் படிக்கலாம். கணக்கு ஒன்றுதான்.

முதலில், வாங்குவது எதை? பலர் போட்ட பணத்தை ஒன்றாகச் சேர்த்து, அதைக்கொண்டு பங்குகள், கடன்பத்திரங்கள், வங்கி வைப்புகள் என்று வாங்கி வைத்திருக்கும் ஒரு பொதுப்பெட்டிதான் யூனிட் டிரஸ்ட். பெட்டியைச் சம அளவுள்ள சின்னச்சின்னக் கூறுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு கூறு ஒரு யூனிட். உங்களிடம் எத்தனை யூனிட் இருக்கிறதோ, பெட்டிக்குள் இருக்கும் எல்லாவற்றிலும் அந்த அளவுக்கு உங்களுக்குப் பங்கு. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் மியூச்சுவல் ஃபண்டு என்கிறார்கள்; பிரிட்டன், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பக்கம் யூனிட் டிரஸ்ட் என்பதே பழகிய பெயர். சட்ட அமைப்பில் சில வேறுபாடுகள் உண்டு. வாங்குபவருக்கு அவை பெரும்பாலும் தட்டுப்படுவதில்லை.

யோசனை பழையது. 1774-இல் ஆம்ஸ்டர்டாமில் வான் கெட்விச் என்ற வணிகர் பலரிடமும் பணம் திரட்டி, பல நாடுகளின் கடன்பத்திரங்களை வாங்கி வைக்கும் ஒரு கூட்டு அமைப்பைத் தொடங்கினார். அதற்கு வைத்த பெயரே ‘ஒற்றுமையே பலம்’ என்று பொருள்படும் டச்சுத் தொடர். அதற்குச் சற்றுமுன் ஒரு நிதி நெருக்கடி வந்து போயிருந்தது. ஒரே இடத்தில் பணத்தைப் போட்டவர்கள் பட்ட பாட்டை ஊரே பார்த்திருந்தது. ஆனால், எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம், எப்போது வேண்டுமானாலும் யூனிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்கிற இன்றைய வடிவம் 1924-இல் பாஸ்டனில் தொடங்கிய மாசசூசெட்ஸ் இன்வெஸ்டர்ஸ் டிரஸ்ட்டோடு வந்தது. பிரிட்டனின் முதல் யூனிட் டிரஸ்ட் 1931-இல் எம் அண்ட் ஜி நிறுவனம் கொண்டுவந்தது.

பெயரில் உள்ள ‘டிரஸ்ட்’ அலங்காரத்துக்காக ஒட்டியது இல்லை. எதை வாங்கலாம், எதை விற்கலாம் என்று முடிவெடுப்பவர் ஃபண்டு மேலாளர். ஆனால் வாங்கிய சொத்து அவர் கையில் இருப்பதில்லை. டிரஸ்டி என்று இன்னொரு நிறுவனம் இருக்கும். சொத்துகள் அதன் பொறுப்பில்தான் இருக்கும். மேலாளர் நிறுவனம் நாளைக்கே திவாலானாலும் அதன் கடன்காரர்கள் உங்கள் பெட்டியில் கை வைக்க முடியாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டி திருடு போகாமல் காப்பது டிரஸ்டியின் வேலை. பெட்டிக்குள் இருக்கும் பங்குகளின் விலை சந்தையில் இறங்கினால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

விலை எங்கிருந்து வருகிறது

ஒவ்வொரு வேலை நாளும் சந்தை மூடியபின் பெட்டிக்குள் இருக்கும் எல்லாவற்றையும் அன்றைய விலைக்கு மதிப்பிடுவார்கள். தரவேண்டிய கட்டணங்களைக் கழிப்பார்கள். மிச்சத்தை மொத்த யூனிட் எண்ணிக்கையால் வகுப்பார்கள். பெட்டியில் நிகரமாக 50 இலட்சம் இருந்து, யூனிட்டுகள் 40 இலட்சம் இருந்தால் ஒரு யூனிட் 1.25. இதுதான் நிகர சொத்து மதிப்பு; எல்லோரும் என்ஏவி என்பார்கள்.

பங்குச்சந்தையில் ஒரு பங்கின் விலையை வாங்குபவரும் விற்பவரும் மோதித் தீர்மானிக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. ஆயிரம் பேர் ஒரே நாளில் இந்த ஃபண்டை வாங்க வந்தாலும் அதனால் மட்டும் விலை ஏறாது. அவர்கள் கொண்டுவரும் பணம் பெட்டிக்குள் போகும், அதற்கு ஈடாகப் புது யூனிட்டுகள் பிறக்கும், வகுத்தால் அதே 1.25 வரும்.

இந்த வகுத்தல் ஒழுங்காக நடந்தே ஆகவேண்டும். நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவின் யூஎஸ்-64 ஓர் உதாரணம். யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா 1964-இல் தொடங்கிய முதல் திட்டம் அது. கோடிக்கும் மேற்பட்டவர்கள், ஓய்வுபெற்றவர்கள் உட்பட, வங்கி வைப்பைப் போல நம்பிப் பணம் போட்டிருந்தார்கள். அதன் விலை என்ஏவியைப் பார்த்து வரவில்லை. நிர்வாகமே ஒரு விலையை அறிவிக்கும். பெட்டிக்குள் இருந்த பங்குகளின் மதிப்பு சரிந்த பிறகும் அறிவித்த விலை மேலேயே நின்றது. அப்படியானால் முதலில் வெளியேறுபவருக்கு உண்மை மதிப்பைவிடக் கூடுதல் பணம். அந்தக் கூடுதல், உள்ளே இருப்பவர்களின் பங்கிலிருந்து போகிறது. விவரம் தெரிந்த பெரிய கைகள் கிளம்பின. 2001 ஜூலையில் யூனிட்டுகளைத் திரும்ப வாங்குவதையே நிறுத்திவைத்தார்கள். கடைசிவரை இருந்தவர்கள் பெரும்பாலும் சிறிய சேமிப்பாளர்கள். தினமும் ஏறி இறங்கும் என்ஏவியைப் பார்த்து வயிறு கலங்குகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கலாம்: ஆடாமல் நிற்கிற விலைதான் அங்கே ஆபத்தாக முடிந்தது.

வாங்கும்போது விலை தெரியாது

இப்போது என் வெள்ளிக்கிழமைக் கதைக்கு வருவோம். திரையில் நான் பார்த்த 1.2500 முந்தைய வேலை நாளின் விலை. என் ஆர்டர் போனதோ கடை மூடிய பிறகு. யூனிட் விற்கும் ஒவ்வொரு இணையத்தளமும் ஆர்டர் வாங்க ஒரு கடைசி நேரம் வைத்திருக்கும், அநேகமாகப் பிற்பகலில். அதற்குமுன் வந்த ஆர்டருக்கு அன்று மாலை கணக்கிடும் விலை; பிந்தினால் அடுத்த வேலை நாளின் விலை. என்னுடையது திங்கட்கிழமைக்குப் போனது. திங்கள் மாலை கணக்கிட்ட விலை 1.2660. அது திரைக்கு வந்தது செவ்வாய். வெளிநாட்டுப் பங்குகளை வைத்திருக்கும் ஃபண்டாக இருந்தால் இன்னும் ஒருநாள் கூடப் பிடிக்கும், ஏனென்றால் அந்த ஊர்ச் சந்தைகள் மூடினால்தான் கணக்குப் போட முடியும்.

ஆக, யூனிட் டிரஸ்டை வாங்கும்போதும் சரி, விற்கும்போதும் சரி, என்ன விலைக்கு என்று தெரியாமல்தான் பொத்தானை அழுத்துகிறோம். கேட்கப் புதுசாக இருக்கும். ஆனால் அது நம் பாதுகாப்புக்காகத்தான். நேற்றைய விலைக்கு இன்று வாங்கலாம் என்றால், காலையில் சந்தை எகிறுவதைப் பார்த்துவிட்டு நேற்றைய விலையில் நுழைந்து, மறுநாள் இலாபத்தோடு வெளியேறிவிடலாமே! அந்த இலாபம் மற்ற யூனிட்தாரர்களின் பையிலிருந்து எடுத்ததாக இருக்கும். அமெரிக்காவில் 1968-இலேயே விதி போட்டு இந்த ஓட்டையை அடைத்தார்கள். அப்படியும் 2003-இல், நேரம் முடிந்த பிறகு வந்த சில பெரிய வாடிக்கையாளர்களின் ஆர்டர்களை அன்றைய விலைக்கே ஏற்றுக்கொண்டது வெளியே வந்து பெரிய ஊழல் வழக்காயிற்று.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு விஷயம் கிடைக்கிறது. பகல் 11 மணிக்கு விலை இறங்கும்போது வாங்கி 3 மணிக்கு ஏறும்போது விற்கும் வேலைக்கு இந்தச் சாதனம் ஆகவே ஆகாது. அந்த ஆசை உள்ளவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது.

கட்டணத்துக்குப் போகுமுன் இன்னொரு மயக்கத்தையும் தீர்த்துவிடுவோம். ‘இந்த ஃபண்டு 5.00, அது 1.25. சின்ன விலையில் நிறைய யூனிட் கிடைக்குமே!’ கிடைக்கும். 10,000 போட்டால் முதலாவதில் 2000 யூனிட், இரண்டாவதில் 8000 யூனிட். இரண்டு பெட்டியும் 10 சதவீதம் வளர்ந்தால் 2000-ஐ 5.50-ஆல் பெருக்கினாலும் 11,000, 8000-ஐ 1.375-ஆல் பெருக்கினாலும் 11,000. தோசையை நாலாகக் கிழித்தாலும் எட்டாகக் கிழித்தாலும் தோசை ஒன்றுதான். புது ஃபண்டு வெளியிடும்போது ‘தொடக்க விலையில் வாங்குங்கள்’ என்று விளம்பரம் செய்வதில் இந்த மயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பங்கு ஒன்றைத் தொடக்க வெளியீட்டில் வாங்குவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கட்டணம்: கண்ணில் படுவதும் படாததும்

என் 774.40-இன் மறுபாதி இங்கே இருக்கிறது. அந்த ஃபண்டுக்கு 2 சதவீத விற்பனைக் கட்டணம். நான் போட்ட 1000-இல் 980.39 மட்டுமே பெட்டிக்குப் போனது (1000-ஐ 1.02-ஆல் வகுத்தால் வரும்). மிச்சம் 19.61 விற்றவருக்கு. 980.39-ஐ 1.2660-ஆல் வகுத்துப் பாருங்கள்: 774.40. அப்பாடா.

முகவர் மூலம் நேரில் வாங்கும்போது பங்குவகை ஃபண்டுகளுக்கு இந்தக் கட்டணம் 5 சதவீதம் வரைகூட இருப்பதுண்டு. இணையத்தளங்களின் முதல் கவர்ச்சியே இதைக் குறைத்ததுதான். சில தளங்களில் பூஜ்யம். ஆனால் விற்பனைக் கட்டணம் ஒருமுறைதான் வலிக்கும். வலியே தெரியாமல் வருடாவருடம் போவது நிர்வாகக் கட்டணம். பெட்டியின் மதிப்பில் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று பேசி, அதை நாள்கணக்கில் பிரித்து, என்ஏவி கணக்கிடும் முன்பே கழித்துவிடுவார்கள். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போகாது, ரசீது வராது. நீங்கள் பார்க்கும் விலையே கழித்தபின் உள்ள விலைதான்.

ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம்தானே என்று தோன்றும். 10,000-ஐ 20 வருடம் விட்டுவைப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்டிக்குள் இருக்கும் சொத்து ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்கிறது (வளரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, கணக்குக்காகச் சொல்கிறேன்). கட்டணம் அரை சதவீதம் என்றால் கடைசியில் கையில் ஏறக்குறைய 35,236. ஒன்றரை சதவீதம் என்றால் 29,178. இடையில் உள்ள ஒரே ஒரு சதவீதம் 6000-க்கு மேல் தின்றுவிட்டது, போட்ட முதலில் பாதிக்கும் மேல். ஃபண்டு நன்றாக ஓடிய வருடமும் கட்டணம் உண்டு, படுத்த வருடமும் உண்டு.

அப்படியானால் விற்பனைக் கட்டணம் வாங்காத தளம் எப்படிப் பிழைக்கிறது? ஃபண்டு நிறுவனம் தன் நிர்வாகக் கட்டணத்தில் ஒரு பகுதியை, நீங்கள் யூனிட் வைத்திருக்கும் காலமெல்லாம், விற்றுக்கொடுத்தவருக்குத் தரும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. டிரெயில் கமிஷன் என்பார்கள். சில தளங்கள் இதற்குப் பதிலாக, அல்லது இதோடு சேர்த்து, தளக் கட்டணம் என்று தனியாக வாங்கும். பிரிட்டனில் 2012 முடிவோடு ஆலோசகர்களுக்கு ஃபண்டு நிறுவனங்கள் கமிஷன் தரும் முறையை நிறுத்தினார்கள். இந்தியாவில் 2013 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு ஃபண்டுக்கும் ‘டைரக்ட்’ என்று கமிஷன் இல்லாத வகை ஒன்றும் இருக்கவேண்டும் என்று விதி வந்தது. ஒரே பெட்டி, ஒரே மேலாளர், ஆனால் இரண்டு விலைப்பட்டியல். தளத்தில் ஒரு ஃபண்டின் பெயர் பின்னால் வால்போல வெவ்வேறு எழுத்துகளோடு இரண்டு மூன்று முறை தெரிந்தால் குழம்ப வேண்டாம். பெரும்பாலும் கட்டண வகையிலோ நாணயத்திலோ பங்கீட்டு முறையிலோதான் வேறுபாடு (பெட்டியிலிருந்து ஒரு பகுதியை எடுத்து யூனிட்தாரர்களுக்குப் பணமாகக் கொடுப்பதுதான் பங்கீடு). எதற்குக் கட்டணம் குறைவு என்று பார்த்து எடுப்பது நம் வேலை, தளம் தானாக எடுத்துக்கொடுக்காது.

தளம் என்பது கடைதான்

இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். நீங்கள் அடிக்கடி பார்ப்பது தளத்தின் திரையை. ஆனால் உங்கள் பணம் இருப்பது ஃபண்டில். தளம் பணத்தை வாங்கி ஃபண்டு நிறுவனத்துக்கு அனுப்புகிறது, யூனிட் கணக்கை வைத்துக்கொள்கிறது, விற்கும்போது பணத்தைத் திருப்பி அனுப்புகிறது. பல இடங்களில் யூனிட்டுகள் தளத்தின் நாமினி நிறுவனத்தின் (வாடிக்கையாளர்களுக்காகப் பெயரளவில் யூனிட்டை வைத்திருக்கும் நிறுவனம்) பெயரில் ஃபண்டின் பதிவேட்டில் இருக்கும். அதில் எது யாருடையது என்று தளம் தன் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கும். சில இடங்களில் யூனிட் நேராக உங்கள் பெயரிலேயே பதிவாகும். இரண்டும் நடைமுறையில் உள்ளவைதான். உங்கள் தளம் எந்த வகை என்று கணக்குத் தொடங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தளம் மூடிப்போனால் என்ன வழி என்பது அதைப் பொறுத்தது. வாடிக்கையாளர் பணம் தளத்தின் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் இருக்கிறதா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி.

அப்புறம் அந்தப் பரிந்துரைப் பட்டியல்கள். ‘எங்கள் தேர்வு’, ‘முன்னணி 10’ என்று தளத்தைத் திறந்ததும் பளபளக்கும். பிரிட்டனில் நீல் வுட்ஃபோர்ட் என்ற நட்சத்திர மேலாளரின் ஈக்விட்டி இன்கம் ஃபண்டு ஒருகாலத்தில் 1000 கோடி பவுண்டைத் தாண்டியது. எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்று விற்ற அந்தப் பெட்டிக்குள், சந்தையில் பட்டியலிடாத, சட்டென்று விற்க முடியாத நிறுவனங்களின் பங்குகள் நிறையச் சேர்ந்திருந்தன. பலன் குறைந்ததும் மக்கள் வெளியேறத் தொடங்கினார்கள். விற்க முடிந்ததை எல்லாம் விற்றுப் பணம் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். விற்க முடியாதது மிஞ்சிக்கொண்டே போனது. 2019 ஜூன் 3-ஆம் தேதி பணம் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஃபண்டு மறுபடி திறக்கவே இல்லை, கலைத்துவிட்டார்கள். அந்தக் கடைசி நாள்வரை அது ஒரு பெரிய இணையத்தளத்தின் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. தளத்தின் பட்டியலைப் பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. கடைக்காரர் எந்தச் சரக்கைக் கண்ணுக்கு நேராக அடுக்குகிறார் என்பது அவர் முடிவு, அவ்வளவுதான்.

கடந்த ஒரு வருடப் பலனை வைத்து வரிசைப்படுத்தும் பொத்தானும் இதே ரகம். ஒரு வருடம் தங்கம் முதலில் வரும், ஒரு வருடம் தொழில்நுட்பம் வரும். முதலிடத்தில் இருப்பது அந்த வருடம் எந்தத் துறைக்குக் காற்று அடித்தது என்பதைச் சொல்கிறதே தவிர, மேலாளரின் திறமையைச் சொல்வது குறைவு.

எதை எடுப்பது

ஃபண்டின் பெயரைவிடப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதும், அந்தப் பணம் உங்களுக்கு எப்போது தேவை என்பதும் முக்கியம். பங்குகள் நிறைந்த பெட்டி ஒரே வருடத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இறங்கலாம், 2008 அப்படித்தான் இருந்தது. பாதியாக இறங்கியது பழைய இடத்துக்கு வர இரு மடங்காக ஏறவேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம். இரண்டு வருடத்தில் கல்யாணச் செலவுக்கோ கல்லூரிக் கட்டணத்துக்கோ வேண்டிய பணத்தை அதில் போடுவது விஷப்பரீட்சை. கடன்பத்திரப் பெட்டி ஆட்டம் குறைவு, ஆனால் ஆடாமல் இருக்காது: சந்தையில் வட்டி விகிதம் ஏறினால் ஏற்கெனவே வாங்கிய கடன்பத்திரங்களின் விலை இறங்கும். இரண்டும் கலந்தது பேலன்ஸ்டு. குறுகிய காலக் கடன்களும் வைப்புகளும் உள்ளது பணச்சந்தை ஃபண்டு. அவசரப் பணத்தை நிறுத்திவைக்கப் பலரும் இதைப் பயன்படுத்துகிறார்கள். அதுகூட வங்கி வைப்பு இல்லை. அமெரிக்காவின் ரிசர்வ் பிரைமரி என்ற பணச்சந்தை ஃபண்டு யூனிட் எப்போதும் 1 டாலர் என்று இருந்தது. அதனிடம் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கியின் கடன்பத்திரங்கள் இருந்தன. லேமன் திவாலான மறுநாள், 2008 செப்டம்பர் 16, யூனிட்டின் மதிப்பு 97 சென்ட் ஆயிற்று. மூன்று சென்ட்தான், ஆனால் உலகமே பதறியது.

தகவல் தாள் என்று இரண்டு பக்கத்தில் ஒன்று ஒவ்வொரு ஃபண்டுக்கும் மாதாமாதம் வரும். அதில் நான் பார்ப்பது மூன்று இடங்கள்: முதல் 10 முதலீடுகள் எவை, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, மிக மோசமான வருடத்தில் எவ்வளவு இறங்கியது. ஐந்து ஃபண்டு வாங்கிவிட்டேன், பணத்தைப் பரப்பிவிட்டேன் என்று நினைத்திருந்தபோது, ஐந்தின் முதல் 10-லும் ஏறக்குறைய ஒரே ஏழு நிறுவனங்கள் இருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தேன். ஒரே சாம்பாரை ஐந்து கிண்ணத்தில் ஊற்றி வைத்த கதை. சென்செக்ஸ் போன்ற ஒரு சந்தைக் குறியீட்டை அப்படியே பின்தொடரும், கட்டணம் குறைந்த ஃபண்டு உங்கள் தளத்தில் இருந்தால், ஆரம்பிப்பவருக்கு அது ஒன்றே போதும் என்பது என் கட்சி. ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்.

பங்கீடு என்ற இனிப்பு

‘இந்த ஃபண்டு யூனிட்டுக்கு 10 காசு பங்கீடு அறிவித்திருக்கிறது, சீக்கிரம் வாங்குங்கள்’ என்று செய்தி வந்தால் நிதானியுங்கள். 10 காசு எங்கிருந்து வருகிறது? அதே பெட்டியிலிருந்து. உங்களிடம் 8000 யூனிட், விலை 1.25, மொத்தம் 10,000. யூனிட்டுக்கு 0.10 கொடுத்ததும் விலை 1.15-க்கு இறங்கும். கையில் 800, யூனிட்டில் 9200. அதே 10,000. மறுமுதலீடு செய்தால் அந்த 800-க்கு 695.65 யூனிட் சேரும். யூனிட் கூடியது, விலை குறைந்தது, பெருக்கினால் மறுபடி 10,000. வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் வைத்துக்கொண்டதுதான் நடந்தது. மாதச் செலவுக்குப் பணம் வேண்டும் என்பவருக்குப் பங்கீடு வசதி. அதற்காகவே முதல்நாள் ஓடிப்போய் வாங்குவதில் அர்த்தம் இல்லை. பங்கீட்டுக்கு வரி உள்ள நாடு என்றால் கைநஷ்டம்.

மாதாமாதம் போடுவது

தளங்களில் மாதம் ஒரு தேதியில் தானாகப் பணம் போகும்படி செய்துகொள்ளலாம். 100 வீதம் மூன்று மாதம் போடுகிறீர்கள், விலை 1.00, 0.80, 1.25 என்று ஆடுகிறது. கிடைப்பது 100, 125, 80, ஆக 305 யூனிட். 300 கொடுத்து 305 யூனிட் என்றால் ஒன்று 0.98 சொச்சம். மூன்று விலைகளின் சராசரியோ 1.02-ஐ ஒட்டி வரும். விலை இறங்கியபோது தானாகவே கூடுதல் யூனிட் சேர்ந்ததால் வந்த வித்தியாசம். இதை இலாப உத்தரவாதம் மாதிரி விற்பார்கள், அது இல்லை. விலை இறங்கிக்கொண்டே போனால் மாதாமாதம் போட்டாலும் நஷ்டம்தான். இதன் உண்மையான பலன் வேறு: சம்பளம் வந்ததும் பணம் போய்விடுகிறது, இன்று வாங்கலாமா நாளை வாங்கலாமா என்று திரையை முறைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. எனக்கு அதுவே பெரிய விடுதலை.

வெளியே வருவது

விற்பதும் வாங்குவதைப் போலத்தான்: நேரத்துக்குள் ஆர்டர், அன்று மாலை விலை, சில வேலை நாட்கள் கழித்து வங்கிக் கணக்கில் பணம். பணச்சந்தை ஃபண்டுக்கு ஒன்றிரண்டு நாள், வெளிநாட்டுப் பங்கு ஃபண்டுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். திங்கட்கிழமை கட்டவேண்டிய பணத்துக்கு வெள்ளிக்கிழமை விற்றுவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் வெளியேறினால் வெளியேற்றக் கட்டணம் உண்டா என்றும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஒரே நிறுவனத்தின் ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வசதியும் இருக்கும்; கட்டணம் குறைவு என்பதற்காக அடிக்கடி மாறிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும், இறங்கியதிலிருந்து ஏறியதற்கு மாறிக்கொண்டிருப்பார்கள்.

மோசடி பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நிஜமான நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் அப்படியே வைத்துப் போலித் தளம் நடத்துவது இப்போது சாதாரணமாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொடாதீர்கள். உங்கள் நாட்டின் பங்கு ஒழுங்குமுறை ஆணையத்தின் வலைத்தளத்தை நீங்களே தட்டச்சு செய்து திறந்து, தளத்தின் பெயரும் ஃபண்டு நிறுவனத்தின் பெயரும் உரிமம் பெற்றவர்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தனிநபர் ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம். மாதம் இத்தனை சதவீதம் நிச்சயம் என்று சொன்னாலும் அதே. தினமும் ஏறி இறங்குகிற ஒன்றை வைத்திருப்பவர் நிச்சயமான சதவீதம் எப்படிச் சொல்வார்?

கணக்குத் தொடங்குவது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அடையாள அட்டை, முகத்தைக் காட்டி ஒரு படம், வங்கிக் கணக்கு விவரம். அப்புறம் ‘உங்கள் முதலீடு 20 சதவீதம் இறங்கினால் என்ன செய்வீர்கள்’ என்கிற மாதிரி சில கேள்விகள். வீரமாகப் பதில் எழுதாதீர்கள். அங்கே தரும் பதிலைப் பொறுத்துத்தான் எந்தெந்த ஃபண்டு உங்களுக்குப் பொருந்தும் என்று தளம் முடிவு செய்யும்.

முதல் தடவை சின்னத் தொகையாகப் போடுங்கள். இரண்டு மூன்று நாளில் பரிவர்த்தனைச் சீட்டு வரும். அதில் நான்கு எண்கள் இருக்கும்: போட்ட தொகை, கழித்த கட்டணம், விலை, யூனிட். விலைக்குப் பக்கத்தில் எந்தத் தேதியின் விலை என்றும் போட்டிருக்கும். கால்குலேட்டரை எடுத்துத் தொகையிலிருந்து கட்டணத்தைக் கழித்து விலையால் வகுத்துப் பாருங்கள். கடைசி இலக்கத்தில் ஒன்றிரண்டு வித்தியாசம் வந்தால் முழுமையாக்கியதால் வந்தது, விட்டுவிடலாம். அதற்குமேல் வந்தால், தளத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டு எந்த நாள் விலை, எந்தக் கட்டணம் என்று கேளுங்கள்.